மதினி கொண்டுவந்த மடவைக் குஞ்சுகள்

எங்கள் மதினி குடிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிப்பாள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், அடுப்படிக்குள் நைசாக நுழைவாள். செம்பில் தண்ணீர் மொள்ளுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மரக் கிண்ணமான உப்பு மரவையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, விரலால் கலக்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடிப்பாள். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"என்ன மதினி, வயித்தால போகுதா?"

"இல்லட்டி. ஒங்க ஊர்த் தண்ணி சப்புனு இருக்கு. தொண்டையில எறங்க மாட்டேங்கு."

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும். அடுத்த தெருக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதைச் சப்பு என்று சொல்ல ஒருத்தி கடற்கரையிலிருந்து வந்திருக்கிறாள். நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் உப்பு மரவை அடுப்புப் பக்கத்திலிருந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. அதன்பிறகு குழம்புக்கு உப்பு வேண்டுமென்றால் நான்தான் எழுந்து போய் எடுக்க வேண்டும்.

மதினி பிறந்தது ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. கல்யாணச் சீரோடு அவள் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்தாள், வாயைத் துணியால் கட்டி. எங்கள் சொந்தக்காரப் பெண்கள் அதை ஏதோ தீர்த்தம் என்று நினைத்துத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அது அவள் வீட்டுக் குடிதண்ணீர். முதல் நாள் அதில் எங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து குடித்தாள், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அந்தக் குடம் தீர்ந்த பிறகுதான் இந்த உப்புச் சிட்டிகை.

"என்னத்துக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டால் ஒரே சொல்தான் பதில். "பழகட்டும்."

அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தாள். புதுச் சட்டி வாங்கினால் அன்றைக்கே அடுப்பில் ஏற்றமாட்டாள். கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைப்பாள், பழகட்டும். சந்தையில் ஆடு வாங்கிவந்தால் பழைய ஆட்டோடு சேர்த்துக் கட்டமாட்டாள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில் கட்டுவாள், பழகட்டும். நடக்கும்போதுகூட அப்படித்தான். கட்டைவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாதத்தை ஊன்றுவாள். சேற்றில் நடந்து வளர்ந்த கால். சிமெண்டுத் தரையைக்கூட அது நம்பவில்லை.

நானோ நேர் எதிர். எனக்கு எல்லாம் இப்போதே நடக்க வேண்டும். விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிற வேலை எனக்கு, தறி நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைச் சுற்றிக் கொடுப்பது. அங்கே என் பெயரைவிட என் கோபம்தான் பிரபலம். "அவகிட்ட மெதுவாப் பேசுங்கப்பா, நூலை அத்துருவா" என்பார்கள். அப்படிப்பட்ட நானும் இவளும் ஒரு வீட்டில்! அம்மா எங்களைப் பார்த்து, "ஒருத்தி அடுப்பு, ஒருத்தி ஊறப்போட்ட அரிசி" என்று சிரிப்பாள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு மதினி வீட்டிலிருந்த பழைய சேலையையெல்லாம் எடுத்து சன்னல், வாசல், கூரைக் கண்ணாடி என்று எங்கும் மூன்று நான்கு மடிப்பாகத் தொங்கவிட்டாள். வீடு குகை மாதிரி ஆகிவிட்டது. தினமும் ஒரு மடிப்பை எடுத்தாள். "ஏளா, என்னைய இருட்டறையில போட்டு வச்சிருக்காளே இவ" என்று அம்மா முதலில் புலம்பினாள். கடைசி மடிப்பை எடுத்த அன்று முற்றத்து வெயிலைக் கண் கூசாமல் பார்த்து, முருங்கை மரத்தில் இலை இலையாகத் தெரிகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். பிறகு தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மருமகள் பெருமை பேசினாள். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் கட்டுப்படியாகவில்லை. எந்நேரமும் டக்கடக்கென்று கேட்டுக்கொண்டிருந்த தெருவில் சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி ஆனது. அண்ணன் கடைசியாக நெய்த உருப்படியில் இழை நெருக்கம் தப்பிச் சல்லடையாக விழுந்திருந்தது. கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் துணிச் சுருளை மூலையில் சாத்திவைத்துவிட்டு அண்ணன் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தெருவில் பாதிப்பேர் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். அவனும் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தான்.

"நீங்க மட்டும் போறியளா, நானுமா?" என்று மதினி கேட்டாள்.

"ரெண்டு பேருந்தான். ஒன்ன விட்டுட்டு எங்கன போறது?"

அவள் அன்று சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அதற்குள் அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுடைய 'பழகட்டும்' என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

அந்த வருசம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. குருவிகுளம் பக்கம் அம்மா பிறந்த கரிசல் ஊரில் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பல வருசம் ஆடு மேய்கிற பொட்டலாகக் கிடந்த குளம் அது. மீன் விட்டுப் பிடிக்கிற உரிமையை ஊரில் அம்மாவின் தம்பிக்கு, எங்கள் மாமாவுக்குக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் வந்துவிட்டது, விடுவதற்கு மீன் இல்லை என்று மாமா எங்கள் வீட்டில் வந்து அலுத்துக்கொண்டிருந்தபோதுதான் மதினி வாயைத் திறந்தாள்.

"மடவக் குஞ்சு கொண்டாந்து விட்டா வளரும்."

"மடவையா? அது கடல் மீனுல்லா?" என்றார் மாமா.

மடவை கடலில் முட்டையிடும், ஆனால் குஞ்சு கடலில் வளராது என்றாள் மதினி. அரிசி நீளம் ஆனதும் கடல் ஏறி வருகிற ஓதத்தோடு ஓதமாக ஆற்று முகத்துக்குள் வந்துவிடும். அங்கே கண்டல் மரங்கள் நிற்கும், முழங்கால் ஆழத் தண்ணீர், வழுவழுவென்று சேறு. பெரிய மீன் அந்த ஆழத்துக்குள் வர முடியாது, கொக்கு அந்த வேர்களுக்குள் மூக்கை நுழைக்க முடியாது. சேற்றுப் பாசியைத் தின்றுகொண்டு அங்கேயே கிடந்து, உடம்பு தேறிய பிறகுதான் ஆழத்துக்குப் போகும். ஆற்றுத் தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டிலும் கிடக்கும். மெதுவாக மாற்றினால் நல்ல தண்ணீரிலும் வளரும். அவள் அப்பா உப்பளத்துப் பக்கம் ஒரு கிணற்றிலேயே வளர்த்திருக்கிறார். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "குளம் வத்துத வரைக்கும் பொறுங்க. மீன் ஏறி வந்துட்டுன்னா இங்கனயே இருப்போம், மாமாகூட நின்னு குளத்த நீங்க பாருங்க. வரலேன்னா பொட்டியத் தூக்குங்க. நானும் மூச்சு விடாம வாரேன்."

அண்ணன் டிரங்குப் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சரி" என்றான். பெட்டியை மட்டும் பரணில் ஏற்றவில்லை.

தை மாதம் நானும் மதினியும் அவள் ஊருக்குப் போனோம். நான் கடலையே அதுவரை பார்த்ததில்லை. பார்த்தது கடலை அல்ல, சேற்றை. ஓதம் வற்றியிருந்தது. கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக வேர்கள் மேல்நோக்கி நின்றன, யாரோ பென்சில்களை நட்டுவைத்த மாதிரி. நாற்றம் தாங்க முடியவில்லை. நான் மூக்கைப் பிடித்தேன். மதினி மூச்சை இழுத்து விட்டாள், சொந்த வீட்டுக் குழம்பை மோந்த மாதிரி.

ஒரு சேலையின் இரண்டு முனையை நானும் இரண்டு முனையை அவளும் பிடித்துக்கொண்டு ஓர ஓரமாக நடந்தோம். தூக்கினால் சேலையில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான் என்று நினைத்தேன். "நல்லாப் பாரு, கண்ணு தெரியும்" என்றாள். குனிந்து பார்த்தேன். கடுகு கடுகாகக் கண்கள்! அந்தக் கண்களுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி உடம்பு. "அய்யோ, இதுவ வளருமா மதினி?" என்று கேட்டேன். "கொக்கு நாரை தின்னாம, அவசரக்காரி மிதிக்காம இருந்தா வளரும்" என்று என் காலைக் காட்டினாள். நான் குஞ்சு கிடந்த ஒரு குட்டையை மிதித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மண்பானையில் அந்த இடத்துத் தண்ணீரையே எடுத்து, குஞ்சுகளை விட்டு, ஈரத்துணியால் வாய் கட்டி, திருநெல்வேலி வந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"பானையில என்ன?"

"மீனு" என்றாள் மதினி. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது வேறு சங்கடம்.

"கோயிலுக்குப் போற ஆளுக ஏறுத வண்டியில மீனா? எறக்குங்க, எறக்குங்க."

"உசுரோட இருக்கு அண்ணாச்சி. பிள்ளைக. பாருங்க." துணியை விலக்கிக் காட்டினாள்.

கண்டக்டர் குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. "ஒண்ணுமே இல்லியே... அட! கண்ணு முழிக்குது" என்றார். அதோடு பஸ்ஸே எங்கள் கட்சி ஆகிவிட்டது. பானைத் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுக்கு மூச்சு முட்டிவிடும். எனக்குக் கை விறைத்ததும் பக்கத்து சீட்டு அம்மா வளையலைக் கழற்றிவிட்டுக் கையை விட்டாள். அவள் இறங்கியதும் கல்யாண வீட்டுக்குப் போகிற ஒரு மனிதர், பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு. டிரைவர் மட்டும் திரும்பித் திரும்பி, "ஏலே, பள்ளத்துல மெதுவாப் போறேன், தண்ணி சிந்துதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சங்கரன்கோவிலில் அண்ணன் மாட்டு வண்டியோடு நின்றான். கரிசல் ஊர் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. மடைக்குப் பக்கத்தில் தேங்காய், பழம், பூ, சூடம். மாமா குளித்து விபூதி பூசி, ஈர வேட்டியோடு நின்றார்.

"வாங்க வாங்க, நல்லவேள. நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள விட்டுரணும்."

மதினி திடுக்கிட்டாள். "இப்ப விடக் கூடாது. ஒரு செம்பு பானைத் தண்ணிய எடுத்துட்டு ஒரு செம்பு குளத்துத் தண்ணி ஊத்தணும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செம்பு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஆவும். பழகட்டும்."

"நாளைக்கு மத்தியானமா? நாளைக்குக் கரிநாளு! ஊரக் கூட்டி வச்சிருக்கேன் தாயி. நல்ல நேரத்துல விட்டாத்தான விருத்தியாகும்?"

மாமாவைக் குறை சொல்லமாட்டேன். அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. பானைக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் குளத்தில் கவிழ்த்தார். பெண்கள் குலவை போட்டார்கள். மதினி "வேண்டாம், வேண்டாம்" என்றது குலவையில் அமுங்கிவிட்டது. இரண்டாவது பானையையும் கவிழ்த்தார், மூன்றாவதையும். நாலாவது பானையை நோக்கி அவர் கை வந்தபோது நான் அதன்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"தொட்டீரு, நடக்குதது வேற!"

சொந்தத் தாய்மாமனை நான் அதுவரை அப்படிப் பேசியதில்லை. "என்னளா, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" என்றார் மாமா. "ஆமா, பிடிச்சிருக்கு. தண்ணியப் பாரும்" என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். கரையோரத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக, நூல் துணுக்குகள் மாதிரி, குஞ்சுகள் மிதந்துகொண்டிருந்தன. சூடத்தட்டுக்குப் பக்கத்தில் மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சாமி பேரச் சொல்லில்லா விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மதினி அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரு செம்பை எடுத்துக் குளத்துத் தண்ணீரை மொண்டு, நான் கட்டிப்பிடித்திருந்த பானைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கைய எடுட்டி, ஒன் சூட்டுலயே வெந்துரும்" என்றாள்.

அந்தப் பானையை மறுநாள் கரிநாளிலும் அவள் விடவில்லை, அதற்கடுத்த நாள்தான் விட்டாள். அதையும் குளத்தில் நேராக விடவில்லை. அண்ணனிடம் சொல்லி, கடைக்காரர் திருப்பி அனுப்பிய அந்தச் சல்லடைத் துணியைக் கொண்டுவரச் சொன்னாள். மடைப் பக்கத்தில், கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர் நின்ற மூலையில் நான்கு கம்பு நட்டு அதைத் தொட்டில் மாதிரி கட்டினோம். தண்ணீர் உள்ளே போகும், வரும். குஞ்சு வெளியே போகாது, விரால் உள்ளே வராது. தான் பிசகி நெய்த துணிக்கு இப்படி ஒரு பிழைப்பு கிடைத்ததைப் பார்த்து அண்ணன் வெகுநாள் கழித்துச் சிரித்தான்.

தொட்டிலைச் சுற்றி சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சேற்றில் ஊன்றச் சொன்னாள். "வயல்ல கெடக்குத முள்ளத் தூர எறியவே ஆளில்ல, குளத்துல கொண்டு நடச் சொல்லுதாளே" என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "எங்க ஊர்ல கண்டல் வேரு பாக்குத வேலைய இங்கன முள்ளு பாக்கட்டும்" என்றாள் மதினி. முள்ளை வெட்டி, தோளெல்லாம் கீறிக்கொண்டு, ஒற்றை ஆளாகக் கொண்டுவந்து நட்டவர் மாமாதான். அன்று முதல் அந்த மூலைப் பக்கம் எருமையைக் குளிப்பாட்ட அவர் யாரையும் விடவில்லை. கம்போடு நிற்பார்.

மதினி மாமா வீட்டிலேயே தங்கிவிட்டாள். தார் சுற்றுகிற வேலை இல்லாத நாளெல்லாம் நான் போய்விடுவேன். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பொடித்துத் தூவுவோம். அரிசி நீளம் விரல் நீளம் ஆனது. தண்ணீரில் கையை வைத்தால் கூட்டமாக வந்து மூக்கால் முட்டும். ஆனால் நாளாக ஆக இடம் பற்றவில்லை. காலையில் போனால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒன்றிரண்டு செத்தும் மிதந்தன.

"அவுத்து விட்டுருவோம் மதினி."

"பழகட்டும். இன்னுங் கொஞ்சம் தேறட்டும்."

மறுபடி போனேன், அதே பதில். அதற்கப்புறமும் அதே பதில். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "பழகட்டும் பழகட்டும்னு எல்லாத்தையும் கட்டியே வச்சுக்கிட்டா எப்ப மதினி வளர? ஒங்களுக்கு இது பொறும இல்ல. பயம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆமாட்டி, பயந்தான்" என்றாள். "என்னைய ஒரே நாள்ல கொண்டாந்து ஒங்க வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாவ. அன்னைக்கு எனக்கு எப்பிடி மூச்சு முட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ஒங்க யாரையும் சொல்லல. நல்ல நேரம் பாத்து, நல்லாத்தான் கொண்டாந்து விட்டாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குலவை போட்டு, ஆரத்தி எடுத்து, தாம்பாளம் சுற்றி நாங்கள் அவளை வீட்டுக்குள் கூட்டிவந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று அவள் முகத்தை யார் பார்த்தோம்? சேலையைத்தான் பார்த்தோம்.

"நீ அவுத்து விடு" என்றாள். "என் கை வராது."

நான் தண்ணீரில் இறங்கி ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்தேன். துணி சரிந்தது. குஞ்சுகள் உடனே போகவில்லை. வாசல் திறந்தது தெரியாமல் அங்கேயே சுற்றின. பிறகு ஒன்று போனது, அதன் பின்னால் எல்லாம் போய்விட்டன. கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

அதோடு காணாமலேயே போயின. பங்குனி போனது, சித்திரை போனது. தவிடு தூவினால் வேறு மீன்தான் வந்து தின்றது. "விரால் வகுறு நெறஞ்சிருக்கும்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவிழ்த்துவிட்டது என் கை. அதனால் எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூசியது. வெயிலில் குளம் சுருங்கிக்கொண்டே வந்தது. அண்ணன் டிரங்குப் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துவிட்டான், அவளுடைய இரண்டு சேலையையும்கூட. மதினி அதைப் பார்த்தாள். 'பழகட்டும்' என்றுகூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்க நான் ஏங்கிப்போனேன்.

ஆனி மாதம், ஆடித்தபசுக்குக் கொடியேறுவதற்குள் குளத்து மீனைப் பிடித்துவிடலாம் என்று மாமா நாள் குறித்தார். குறிக்கும்போது, "ராகு காலம் எமகண்டம் ஒண்ணும் நான் பாக்கல தாயி, நீ சொல்லுத நேரந்தான்" என்றார். மதினி வெயில் ஏறுவதற்கு முன்னால் என்றாள்.

முதல் வலையில் கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது. மழைத் தண்ணீரோடு தானாக வந்த மீன்கள். இரண்டாவது வலையிலும் அதுவே. மூன்றாவதில் சேறுதான் அதிகம். கரையில் நின்ற அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னான், "சரி விடு. அவ என்ன செய்வா, பாவம்." போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கு இந்த நேரம் வீடு வெறிச்சென்று இருக்கும் என்று நினைத்தேன்.

மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முள் ஊன்றிய மூலைக்கு நடந்தாள். அங்கே யாரும் வலை வீசவில்லை, முள்ளில் வலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள். கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுச் சேற்றில் இறங்கினாள். "வலைய முள்ளச் சுத்திப் போடுங்க" என்றாள். போட்டார்கள். அவள் ஒரு முள்கொம்பைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள்.

சப்பென்று ஒரு சத்தம். வெள்ளியாக ஒன்று ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது.

"ஏ அம்மா!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் இன்னொன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. சட்டியில் நெல்பொரி துள்ளுகிற மாதிரி அந்த மூலையே துள்ளியது. சாண் நீள மடவைகள் வலையைத் தாண்டித் தாண்டிக் குதித்தன. ஒன்று மாமாவின் நெஞ்சில் வந்து மோத, அவர் மல்லாக்கச் சேற்றில் விழுந்து, எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்து சிரித்தார். அண்ணன் கட்டிய வேட்டியோடு தண்ணீருக்குள் ஓடினான்.

"ஏட்டி! இம்புட்டு நாளும் எங்கன இருந்ததுவ இதுவ?" என்று அங்கிருந்து கூவினான்.

"இங்கனதான் இருந்ததுவ" என்றாள் மதினி. "ஓரத்துல."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் சேறு. நான் கரையில் நின்று வாய்விட்டே அழுதேன், கத்தினேன், யாரையோ கட்டிப்பிடித்தேன். பிறகு பார்த்தால் அது ஊர் வெட்டியான். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பாதி மீன் வலையைத் தாண்டித் தப்பிவிட்டது. "போகட்டும், பிறகு பிடிச்சுக்கிடலாம்" என்றார் மாமா. "அதுவ இங்கன முட்டையிடாது" என்று மதினி அண்ணனிடம் சொன்னாள். "வருசா வருசம் போயி நாமதான் குஞ்சு கொண்டாரணும். ஒங்களுக்குக் கண்டக்டரக் காட்டித் தாரேன்." பக்கத்து ஊர்க் குளத்துக்காரர்கள் அதற்குள் அண்ணனைச் சூழ்ந்து நின்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் சேறும் சகதியுமாக, பெரிய அனுபவஸ்தன் மாதிரி, "மொதல்ல பழகணும்லா" என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே அண்ணன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நேராகப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

மதினி அடுப்படிக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பானையில் தண்ணீர் மொண்டு அண்ணாந்து குடித்தாள், மடக்மடக்கென்று. கழுத்தெல்லாம் வழிந்தது. ஒரு செம்பு முடிந்து இன்னொரு செம்பு மொண்டாள். அதையும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

நான் உப்பு மரவையைப் பார்த்தேன். அது மூடியபடி இருந்தது.

"உப்பு, மதினி?"

அவள் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தாள். உள்ளே எட்டிக்கூடப் பார்த்தாள்.

"மறந்தே போச்சுட்டி" என்றாள்.

நான் மரவையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில், குழம்புக்குக் கை எட்டுகிற பழைய இடத்தில், வைத்தேன்.